தாதாவின் பெயர் நினைவிருக்கிறது. செத்தவர் பெயர் ஏன் நினைவில் இல்லை?

கேள்வி: நூலகர், மதுரை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். அட்டை கிழிந்து, முதுகு பிரிந்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது பைண்டிங்குக்குப் போய்வருகிற புத்தகங்களுக்கென்று எங்களிடம் ஒரு தட்டு உண்டு. பாடநூல்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்தத் தட்டில் மிஞ்சுகிறவற்றில் பெரும்பாலானவை பம்பாய் நிழலுலகத்தைப் பற்றியும், சிகாகோ, கொலம்பியா ஆகிய இடங்களின் கடத்தல் மன்னர்களைப் பற்றியும் எழுதப்பட்ட உண்மைக் குற்ற நூல்கள்தான். மாணவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. அவை அனைத்தையும் நானும் படித்திருக்கிறேன்; சிலவற்றை இரண்டு முறை படித்திருக்கிறேன்.

சென்ற மாதம் கொலம்பியப் போதைப்பொருள் கடத்தல் மன்னன் பாப்லோ எஸ்கோபாரைப் பற்றிய நூலைத் திருப்பிக் கொடுக்க ஒரு மாணவி வந்தார். அவன் தன் பண்ணையில் நான்கு நீர்யானைகளை வைத்திருந்ததையும், அவன் 1993 டிசம்பர் 2 அன்று மெடஜினில் ஒரு வீட்டுக் கூரையின் மேல் சுடப்பட்டு இறந்த பிறகு அவை பல்கிப் பெருகி இன்று நூற்றுக்கும் மேற்பட்டவையாக மக்தலேனா ஆற்றுப் பகுதியில் திரிவதையும் நான் ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சு அவன் கும்பல் நடத்திய விமானக் குண்டுவெடிப்புக்கு வந்தது. 1989 நவம்பர் 27 அன்று பொகோட்டாவிலிருந்து காலி நகருக்குப் புறப்பட்ட அவியான்கா விமானம் நடுவானில் வெடித்ததில் அதிலிருந்த 107 பேரும், கீழே தரையில் இருந்த மூவரும் இறந்தார்கள். குறி வைக்கப்பட்டவர் அதிபர் வேட்பாளராக இருந்த செசார் கவீரியா. அவரோ அந்த விமானத்தில் ஏறவே இல்லை. இதையெல்லாம் நான் மனப்பாடமாகச் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் கேட்டார்: "அதில் போனவர்கள் யார் யார், மேடம்?"

என்னிடம் பதில் இல்லை. நீர்யானைகளின் எண்ணிக்கை தெரிந்த எனக்கு, அந்த 107 பேரில் ஒருவருடைய பெயரும் தெரியவில்லை. ஊரோ தொழிலோகூடத் தெரியவில்லை. அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து, நான் படித்த மற்ற நூல்களிலிருந்தும் நினைவுகூர்ந்து பார்த்தேன். தாதாக்களின் பட்டப்பெயர்கள், அவர்கள் விரும்பிய கார், சட்டையின் நிறம், காதலிகள் எல்லாம் வரிசையாக வந்தன. அவர்களால் செத்தவர்கள் வெறும் எண்ணிக்கையாக மட்டுமே வந்தார்கள்.

என் கேள்வி இதுதான். இந்த ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது? இது படிக்கிறவர்களாகிய நம்முடைய குறையா, அல்லது இந்த நூல்களும் படங்களும் கட்டப்படுகிற விதத்திலேயே செத்தவர்களுக்கு இடமில்லாமல் போகிறதா? இதைப் பற்றிச் சிந்தித்தவர்கள், அந்த ஊர்களில் வாழ்ந்தவர்கள், இந்தத் துறையில் பணியாற்றியவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற நிருபர், சென்னை

நூலகர் அம்மாவுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் குற்றச் செய்திகளும் நீதிமன்றச் செய்திகளும் எழுதியவன் நான். அதில் ஏழு ஆண்டுகள் பம்பாயில் இருந்தேன். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என்னால் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் அந்தத் தவற்றில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு தாதாவைப் பற்றிய நூல் எதிலிருந்து எழுதப்படுகிறது என்று பாருங்கள். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, ஒப்புதல் வாக்குமூலம், காவல் அதிகாரிகள் ஓய்வுக்குப் பிறகு மனம்விட்டுச் சொல்கிற கதைகள், பிறகு அந்தக் கும்பலில் இருந்தவர்களே தருகிற பேட்டிகள். இந்த ஐந்திலும் நடுவில் நிற்பவன் குற்றம் செய்தவன். குற்றப்பத்திரிகை என்பதே 'இவன் இதை இந்த நோக்கத்தோடு, இவர்களோடு கூடி, இன்ன ஆயுதத்தால் செய்தான்' என்று நிறுவுவதற்காக எழுதப்படுகிற ஆவணம். அதில் எழுவாய் அவன்தான். கொல்லப்பட்டவர் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் காயங்களின் பட்டியலாக வருவார், அல்லது அவருடைய மனைவியோ தம்பியோ உடலை அடையாளம் காட்டிய சாட்சியாக ஒரு பக்கத்தில் வந்து போவார்கள். அந்தக் காகிதக் கட்டை மட்டும் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால், எவ்வளவு நேர்மையான எழுத்தாளராக இருந்தாலும், கொன்றவனுக்கே கதாநாயகன் இடத்தைக் கொடுத்துவிடுவார்.

அதோடு, தாதா நம்மைத் தேடி வருவான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிநாட்டில் இருந்துகொண்டு பம்பாய்ப் பத்திரிகை அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் அழைத்துத் தங்கள் தரப்பைச் சொன்ன கும்பல் தலைவர்கள் உண்டு. செத்தவர் அழைக்க மாட்டார். அவருடைய குடும்பத்தைத் தேடி ஒரு நிருபர் சால் எனப்படும் தொழிலாளர் குடியிருப்புக்குள் மூன்று மாடி ஏறிப் போனால், கதவைத் திறக்கவே பயப்படுவார்கள். அடுத்த நாள் பதிப்புக்குச் செய்தி வேண்டும் என்னும்போது, பேசுகிறவனுடைய பேச்சுத்தான் அச்சேறுகிறது.

தங்களைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பதில் அவர்களுக்கு இருந்த அக்கறையைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. பம்பாய் நிழலுலகத்தைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதிய நிருபர் ஜே. டே, 2011 ஜூன் 11 அன்று பட்டப்பகலில் போவாய் பகுதியில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். கும்பல் தலைவன் சோட்டா ராஜன் உள்ளிட்டோருக்கு 2018 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. டேயின் கட்டுரைகள் ராஜனைச் சினமூட்டியதே கொலைக்குக் காரணம் என்பது அரசுத் தரப்பின் வாதம். தன்னைக் குறைத்து எழுதினார் என்பதற்காக ஒரு மனிதரைக் கொல்லத் துணிகிற உலகம் அது. அந்த உலகத்தைப் பற்றி வருகிற நூல்களில் எத்தனை வரிகள் அச்சத்தால் மென்மையாக்கப்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்தே நாம் கணக்கிட வேண்டும்.

திரைப்படத்துக்கும் இவர்களுக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. 1934 ஜூலை 22 அன்று சிகாகோவில் ஜான் டில்லிஞ்சர் என்ற வங்கிக் கொள்ளையன் திரையரங்கை விட்டு வெளியே வந்தபோது அமெரிக்கப் புலனாய்வு அதிகாரிகளால் சுடப்பட்டான். அவன் அன்று பார்த்துவிட்டு வந்தது, ஒரு குற்றவாளி மின்சார நாற்காலிக்குப் போவதில் முடிகிற படம். சிந்திய இரத்தத்தில் வழிப்போக்கர்கள் கைக்குட்டையை நனைத்து எடுத்துக்கொண்டார்கள். பிணவறைக்கு முன்னால் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று அவன் உடலைப் பார்த்தார்கள். பின்னாளில் அவனுடைய கல்லறைக் கல்லையும் துண்டு துண்டாகப் பெயர்த்துச் சென்றதால் அதைப் பலமுறை மாற்ற வேண்டியிருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வீட்டையும் நிலத்தையும் வங்கிகளிடம் இழந்த மக்களுக்கு, வங்கியைக் கொள்ளையடித்தவன் தங்கள் சார்பில் பழிவாங்குகிறவனாகத் தெரிந்தான் என்பது உண்மை. ஆனால் அவனுடைய கும்பலால் கொல்லப்பட்ட காவலர்களும் அதே பெருமந்தத்தில் அற்பச் சம்பளத்துக்கு உழைத்தவர்களே.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலையும் சொல்லி முடிக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது இல்லை. நமக்கோ 'அவன்' என்று எழுதுவதா 'அவர்' என்று எழுதுவதா என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவு செய்தாக வேண்டும். நான் எழுதிய ஒரு தொடரைப் பல ஆண்டுகள் கழித்து எடுத்துப் படித்தேன். முதல் வாரத்தில் 'அவன்' என்று தொடங்கியிருந்தேன். அவனிடம் பணமும் செல்வாக்கும் சேர்ந்த ஐந்தாவது வாரத்தில், என்னை அறியாமலேயே, 'அவர்' என்று மாற்றியிருந்தேன். அவனால் வெட்டப்பட்ட ஒரு சுமைதூக்கும் தொழிலாளியைக் கடைசி வரைக்கும் 'அவன்' என்றே எழுதியிருந்தேன். இதைவிட வெட்கப்பட எனக்கு வேறொன்றும் இல்லை.

பதில்: தாராவிக்காரர்

நிருபர் ஐயா எழுதிய கடைசிப் பத்தியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பிறந்தது 1966-இல் தாராவியில். என் அப்பா சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர். பத்துக்குப் பன்னிரண்டு அடி கோலியில், அதாவது ஒற்றை அறையில், ஏழு பேர் இருந்தோம்.

பம்பாயின் தமிழ்த் தாதா வரதராஜ முதலியாரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசும்போது ஒன்று அவரைத் தெய்வமாக்குகிறார்கள், அல்லது அவரை நம்பியவர்களை முட்டாள்களாக்குகிறார்கள். இரண்டும் எங்கள் வாழ்க்கையை அறியாமல் பேசுவது. தூத்துக்குடியிலிருந்து வந்து விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் போர்ட்டராக இருந்தவர், மதுவிலக்கின் காரணமாகக் கள்ளச்சாராயத்தில் பணம் கொழித்த காலத்தில் அந்தத் தொழிலில் பெரிய ஆளானவர், என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் மக்கள் ஏன் போனார்கள் என்பதைத்தான் விளக்க வேண்டும். எங்கள் பகுதியில் குடிநீர்க் குழாய் கிடையாது. ரேஷன் அட்டை வாங்க முடியாது. காவல் நிலையத்துக்குப் போனால் இந்தியோ மராத்தியோ பேசத் தெரியாதவனை வாசலிலேயே விரட்டுவார்கள். 1966-இல் சிவசேனை தொடங்கியதிலிருந்து தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற பிரசாரம் நடந்தது. உடுப்பி ஓட்டல்கள் அடித்து நொறுக்கப்பட்டன. லுங்கி கட்டியவனைத் துரத்த வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். அந்த நாளில் தமிழ் பேசுகிற ஒருவருக்குப் போலீஸ்காரரும் பயப்படுகிறார் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, அப்படிப் பயந்து வாழாதவர்களுக்கு விளக்குவது கடினம். மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு அருகில் அவர் போட்ட கணபதிப் பந்தலுக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார் அப்பா. அந்த விளக்கு அலங்காரத்தை இன்றும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது.

ஆனால் அந்த ஆறுதலுக்கு விலை இருந்தது, அதைக் கொடுத்தவர்களும் நாங்களேதான். மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில் சாராய அடுப்புகள் எரியும். காய்ச்சுகிறவனும் தமிழன், தலையில் சுமந்து விற்கிறவளும் தமிழச்சி, குடித்துச் சாகிறவனும் தமிழன். என் பெரியப்பா ஒரு சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு குடித்துவிட்டு வந்து படுத்தார். காலையில் எழுந்து, ஏன் இன்னும் விடியவில்லை என்று பெரியம்மாவிடம் கேட்டார். வெயில் வாசலில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு இருபத்தோரு ஆண்டுகள் உயிரோடு இருந்தார், பார்வை இல்லாமல். அது யாருடைய அடுப்பில் காய்ச்சியது என்று எங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. கேட்கவும் யாருக்கும் தைரியம் இல்லை. பெரியம்மா பாத்திரம் தேய்த்து நான்கு பிள்ளைகளை வளர்த்தார்.

எண்பதுகளில் ஒய். சி. பவார் என்ற காவல் அதிகாரி அந்தத் தொழிலை ஒவ்வொன்றாக முடக்கியதும் முதலியார் சென்னைக்குத் திரும்பினார். அவர் வாழ்க்கையைத் தழுவியதாகச் சொல்லப்பட்ட தமிழ்ப் படம் 1987 தீபாவளிக்கு வந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். 1988 ஜனவரியில் இறந்தார். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதேன். நாங்கள் நடந்த சந்தையும், நாங்கள் பட்ட அடியும் திரையில் வந்தன. பம்பாய்த் தமிழனுக்கு ஒரு முகம் கிடைத்தது என்று நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டுக்கு வந்து பெரியப்பாவுக்குக் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "அதில் கண்ணு போனவன் யாராவது வர்றானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

நூலகர் அம்மா, உங்கள் மாணவி கேட்டதும் என் பெரியப்பா கேட்டதும் ஒரே கேள்வி. படம் எடுத்தவர்களை நான் பழிக்கவில்லை. இன்றைக்கும் அது என்னை உருக்குகிற படம். அவர்கள் சொன்ன கதை உண்மை. எங்கள் வீட்டுக் கதையும் அதே சந்தில் நடந்த உண்மை. அதைச் சொல்ல யாரும் வரவில்லை.

பதில்: பொருளியல் ஆசிரியர், கோயம்புத்தூர்

இந்த நூல்களைப் படிப்பவர்கள் எல்லோரும் வீரவழிபாட்டுக்காகப் படிக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அரசு மறைக்க விரும்புகிற பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள நான் படிக்கிறேன். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968-இல் வந்தது, 1990-இல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலம்தான் தங்கக் கடத்தலின் பொற்காலம். இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் பிறந்து பம்பாய்த் துறைமுகத்தில் கூலியாக இருந்த ஹாஜி மஸ்தான் கோடீஸ்வரராகத் திகழ்ந்ததை அவருடைய துணிச்சலால் விளக்க முடியாது, உள்நாட்டு விலைக்கும் வெளிநாட்டு விலைக்கும் இருந்த இடைவெளியால்தான் விளக்க முடியும். அதுபோல, 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய ஜவுளி ஆலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் மீண்டும் ஆலைக்குள் போகவே இல்லை. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் கூலிப்படைகளுக்கு ஆட்களாகக் கிடைத்தார்கள். மத்தியப் பம்பாயில் செல்வாக்கோடு இருந்த தாதா அருண் காவ்லியும் ஆலைப் பகுதியிலிருந்து வந்தவர்தான். ஒரு நல்ல குற்ற நூல் இந்தக் காரணங்களைக் காட்டும். மட்டமான நூல் கண்ணாடியையும் துப்பாக்கியையும் காட்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியாகாது. செத்தவர்களின் பெயர் விடுபடுவது பற்றி நூலகர் சொன்னதை மறுக்கவில்லை. என்னுடைய விளக்கத்திலும் அவர்கள் இல்லை என்பதை எழுதும்போதே உணர்கிறேன்.

பதில்: வழக்கறிஞர், சென்னை

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு முக்கியமான வழக்கு இருக்கிறது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையில் ஏறத்தாழ 300 பக்கங்களில் தன் வாழ்க்கையை எழுதினான். பல உயர் அதிகாரிகளோடு தனக்கிருந்த தொடர்பையும் அதில் எழுதியிருந்ததாகச் சொல்லப்பட்டது. அதை நக்கீரன் இதழ் வெளியிட முன்வந்தபோது, 1994 ஜூன் மாதம் சிறைத்துறைத் தலைவர் அது பொய்யான எழுத்து என்றும் வெளியிடக் கூடாது என்றும் கடிதம் அனுப்பினார். இதழின் ஆசிரியர் ராஜகோபால் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது. வெளியாவதற்கு முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமை இல்லை. தனிமனிதருக்கு அந்தரங்க உரிமை உண்டு. ஆனால் நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை அவருடைய சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம் என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான்.

இந்தத் தீர்ப்பைப் பத்திரிகைச் சுதந்திரத்துக்காகவும் அந்தரங்க உரிமைக்காகவும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குள் இருக்கிற ஒரு விதிவிலக்கை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன்: பாலியல் வன்முறை, ஆள்கடத்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்ணின் பெயரையும் நிகழ்ந்ததையும், அவை பொது ஆவணத்தில் இருந்தாலும், வெளியிட்டு அவரை மேலும் இழிவுக்கு ஆளாக்கக் கூடாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆகவே, நூலகர் அம்மா, பெயரைச் சொல்லாமல் இருப்பது எல்லா இடத்திலும் மறதி ஆகாது. சில இடங்களில் அதுவே மரியாதை. பாதிக்கப்பட்டவர் எப்படி நினைவுகூரப்பட விரும்புகிறார் என்பதை அவரிடமோ, அவருடைய குடும்பத்திடமோ கேட்டார்களா என்பதையே நான் அளவுகோலாக வைக்கிறேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குற்றவாளி தன் குற்றக் கதையை விற்றுச் சம்பாதிக்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் 1977-இல் ஒரு சட்டம் செய்தது. வருகிற பணத்தைப் பிடித்துவைத்துப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாஃபியாவிலிருந்து அரசுத் தரப்புக்கு மாறிய ஹென்றி ஹில்லின் வாழ்க்கையைச் சொல்லும் நூலின் மீது அந்தச் சட்டம் பாய்ந்தது. பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. 1991 டிசம்பரில் அமெரிக்க உச்சநீதிமன்றம், பேச்சுரிமைக்கு முரணானது என்று அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. சட்டம் அளவுக்கு மீறி அகலமாக எழுதப்பட்டிருந்தது என்ற காரணத்தை நான் ஏற்கிறேன். இருந்தும், ஒரு கொலையின் கதையால் நூல், படம், தொடர் என்று மூன்று முறை பணம் புரளும்போது, கொல்லப்பட்டவரின் வீட்டுக்கு ஒரு கடிதம்கூடப் போவதில்லை என்பது எனக்கு ஆறாத வேதனை. கடந்த ஆண்டுகளில் வந்த தீர்ப்புகளில் எனக்கு ஆறுதல் தந்தது ஒன்று: எஸ்கோபாரின் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யக் கேட்ட நிறுவனத்துக்கு அதை மறுத்தது சரியே என்று 2024 ஏப்ரல் 17 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் கூறியது.

பதில்: நாட்டார் வழக்காறு மாணவர், பாளையங்கோட்டை

இந்த ஈர்ப்பைத் திரைப்படம் கொண்டுவந்தது என்று சிலர் நினைக்கலாம். எங்கள் பக்கத்தில் செம்புலிங்கம், ஜம்புலிங்கம் ஆகிய கொள்ளையர்களைப் பற்றிய கதைப்பாடல்கள் அதற்கு முன்பிருந்தே உண்டு. தாராவி ஐயா சொன்ன காரணம்தான் அங்கும்: அடித்தவனைத் திருப்பி அடித்தவன் பாட்டுக்குள் போய்விடுகிறான்.

ஆனால் அதே காலத்தில் இன்னொரு வகைப் பாட்டும் இருந்ததை மறந்துவிட்டோம். கொலைச்சிந்து என்பார்கள். ஓர் ஊரில் கொலை நடந்தால் சில நாட்களிலேயே அது பாட்டாகி, மட்டமான தாளில் சில பக்கங்களாக அச்சாகி, சந்தையிலும் திருவிழாவிலும் ரயிலிலும் பாடி விற்கப்படும். நான் பார்த்த சிந்துகள் பலவற்றில் கதை கொன்றவனோடு தொடங்கவில்லை; செத்தவள் எந்த ஊரில் பிறந்தாள், எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள், அன்று காலையில் என்ன வேலையாகப் புறப்பட்டாள் என்று தொடங்கியது. பாடகர் நடுவில் ஒப்பாரி மெட்டுக்கு மாறுவார், கேட்கிறவர்கள் அழுவார்கள். அவையும் காசுக்காக அச்சிடப்பட்டவைதாம், அவற்றிலும் மிகையும் பரபரப்பும் உண்டு. பெண்களுக்குப் புத்தி சொல்லுகிற வரிகளும் சகிக்க முடியாதபடி உண்டு. ஆயினும் செத்தவருக்காக அழுவது அந்த வடிவத்துக்குள்ளேயே இருந்தது. உண்மைக் குற்றக் கதையைத் தமிழில் எழுத வருகிறவர்கள் அமெரிக்கத் தொடர்களைப் பார்த்து அத்தியாயம் பிரிப்பதற்கு முன்னால், ஒரு பழைய சிந்துப் புத்தகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

கேள்வி கேட்டவர்: நூலகர், மதுரை

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். அந்த மாணவிக்கு இவற்றையெல்லாம் அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் இதற்கிடையில் தானாகவே தேடி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். மெடஜினில் எஸ்கோபார் குடும்பத்தோடு வாழ்ந்த மொனாக்கோ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தை, சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுத்துக்கொண்டிருந்ததால், 2019 பிப்ரவரி 22 அன்று நகராட்சி வெடிவைத்துத் தகர்த்து, அந்த இடத்தில் ஒரு நினைவுப் பூங்காவை அமைத்திருக்கிறது. அங்கே கருப்புக் கல் சுவர் ஒன்றில் 46 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துளைகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளின் வன்முறையில் செத்த ஒவ்வொருவருக்கும் ஒரு துளை. சூரியன் அந்தத் துளைகளின் வழியாக வருகிற படத்தை என் மேசைக்குக் கொண்டுவந்து காட்டினார். சிறிது நேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை.

நூலகத்தில் அந்தத் தட்டை நான் காலி செய்யப் போவதில்லை. வழக்கறிஞர் ஐயா, ஜே. டேயின் நூல்களையும் அந்த 1994 தீர்ப்பின் நகலையும் வாங்கி அதே தட்டில் வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். கொலைச்சிந்து நூல்கள் எங்காவது மறுபதிப்பாகக் கிடைத்தால் பாளையங்கோட்டைத் தம்பி தெரிவிக்க வேண்டும்.

தாராவி அண்ணனிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெரியப்பாவைப் பற்றி நான்கு பக்கங்களாவது எழுதித் தர முடியுமா? அவர் பெயரோடு, அவர் பார்த்த வேலையோடு, அந்தச் சனிக்கிழமைக்கு முன்பு அவர் எப்படி இருந்தார் என்பதோடு. எங்கள் கல்லூரி ஆண்டு மலரில் வெளியிட முதல்வரிடம் அனுமதி கேட்டுவிட்டேன்.

பதில்: தாராவிக்காரர்

எழுதுகிறேன் அம்மா. ஆனால் வழக்கறிஞர் சொன்னபடி, பெரியம்மாவிடம் கேட்காமல் பெயரைப் போட மாட்டேன். அவர் இப்போது ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். காது சரியாகக் கேட்காது, போனில் பேச முடியாது. பங்குனி உத்திரத்துக்குப் போகும்போது நேரில் கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன். பெரியப்பா நன்றாகத் தவில் வாசிப்பார். அதை முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.